பள்ளிக்கூடக் காணிக்கு மேளம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வெறுங்காணியை, ஹைஸ்கூல் கட்ட இடம் தேடிய அதிகாரிகள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால்தான் தங்கை மேலே படிக்கலாம் என்று சொல்லியிருந்தவர் அவர். பெரிய மனிதர்களைச் சும்மா வரவேற்பதா என்று, கோயில் மேளகாரர்களைக் கையோடு கூட்டி வந்தார்.

துரைமார் காரிலிருந்து இறங்கியதும் தவிலும் நாதஸ்வரமும் முழங்கின. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். எங்கள் வீட்டில் இங்கிலீசு படித்தவன் நான் ஒருவன்தான்.

"என்னவாம், தம்பி?" என்றார் அப்பா.

"இந்தச் சத்தத்துக்குள்ளை பிள்ளைகள் எப்பிடிப் படிக்கிறதாம்?"

"ஐயோ, ஒவ்வொரு நாளும் அடிக்கிறதில்லை எண்டு சொல்லு!"

நான் சொல்லி முடிப்பதற்குள் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. துரைமாரே சிரித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் நடந்து போக முடியாத தூரத்தில், வெள்ளவத்தையில் எழும்பியது. அது திறந்ததும் அப்பா தங்கையைக் கூப்பிட்டார்.

"மேளம் பிடிச்சது நான்தானே, பிள்ளை. நானே ரயிலிலை கூட்டிக்கொண்டு போறன்."

முதல் நாள் நானும் போனேன். அவளை ஜன்னலோரம் இருத்திவிட்டு அப்பா நின்றுகொண்டே வந்தார். கடலை ஒட்டியே ஓடிய ரயிலில் வீசிய அந்தக் கடற்காற்று இப்போதும் என் முகத்தில் படுகிறது.