இடது பக்கம் இழுக்கிற வண்டி

இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் வீட்டுக்காரர் காருக்கு அடியில் கிடந்தார். முன் சக்கரங்களைத் தாங்குகிற லோயர் ஆர்ம் ரெண்டையும் அவரே மாற்றிவிட்டார்.

நாளைக்குப் பாப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தடுப்பூசி. இதே வண்டியில்தான் போகணும்.

சாயங்காலம் சேத்தூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வந்தார்.

"கடகடன்னு வந்த சத்தம் போயிருச்சு. லேசா இடது பக்கம் இழுக்கு, அம்புட்டுதான்."

"இழுக்குன்னா?"

"சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மெண்ட் பாக்கணும். ஆர்ம் மாத்துனா எல்லா வண்டிக்கும் பாக்குறதுதான். நாளைக்கு ஊசி போட்டுட்டு அப்படியே அங்கன பாத்துருவோம்."

எனக்குப் புரியல. வண்டி சரியா இருந்தா எதுக்கு அலைன்மெண்ட்? சரியா இல்லைன்னா பாப்பாவை எப்படி ஏத்துறது?

அலைன்மெண்ட் கடைக்கு நானே போன் போட்டேன். "அண்ணே, இப்படியே இந்த வண்டிய ஓட்டலாமா?"

"ஓட்டிட்டு வாங்கக்கா, பாத்துச் சொல்லுதேன்."

ஓட்டலாமான்னு தெரிஞ்சுக்கவே ஓட்டிட்டுப் போகணுமாம்!

கடைசியில் அவரிடம், "நானும் பாப்பாவும் பஸ்ல வாரோம், நீங்க வண்டியில வாங்க"ன்னு சொல்லிட்டேன்.

சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோட வந்த அத்தை அப்படியே நின்னுட்டாங்க.

"பச்சப்பிள்ள ஏறக் கூடாத வண்டியில எம் மவன் மட்டும் போலாமாட்டி?"

நியாயமான கேள்வி.

அத்தை சாவியை வாங்கி இடுப்பில் சொருகிட்டாங்க. இப்போ மூணு பேரும் பஸ்லதான் போறோம்.

வண்டி மட்டும் எப்படி அலைன்மெண்ட் கடைக்குப் போகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.