ஜமீலா பாதியில் இறங்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் ஆயிஷாவின் பெயர். இரண்டு வருடங்களாக அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டதில்லை. அதனால் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கிறோம். வந்துடுங்க."

நானும் ஜமீலாவும் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். எங்களோடு அங்கே வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் சுபாவம் உங்களுக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் விடுமுறைப் பட்டியலை மாற்றிய அதிகாரியின் மேசைமேல் அந்தத் தாளை வைத்து, "சார், என் பேரை எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று நின்றவள் அவள்தான். குரலை உயர்த்தவே இல்லை. அவர் புதுத்தாள் எடுத்து எழுதினார்.

ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு, சதுரங்கப்பட்டினத்து வீட்டில் தனியாக இருந்தாள். மகள் ஆயிஷாவுக்குச் சிறுசேரியில் வேலை, கூடுவாஞ்சேரியில் குடித்தனம். ஒருநாள் ஜமீலா என் வீட்டுக்கு வந்து, வழவழப்பான ஒரு புத்தகத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்தாள்.

"சிங்கப்பூர்ல ஏறணும், லிஸ்பன்ல இறங்கணும். நூறு நாளுக்கு மேல கப்பல்லயே. நடுவுல ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, பிரேசில். வர்றியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"இன்னாடி, விளையாடுறியா?"

"அறுபத்தாறு வயசுல இன்னா விளையாட்டு? காலியா கிடந்த மனையை வித்துட்டேன்."

என் மகன் சிரித்தான். ஆயிஷா ஒரு வாரம் சண்டை போட்டாள். ஜமீலா அசையவில்லை. நான்கு மாதம் கழித்துச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இரண்டு பேரும் பெட்டிகளோடு நின்றோம். அண்ணாந்து பார்த்தால் ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்ததுபோல் கப்பல்.

ஆஸ்திரேலியா போய்ச் சேரும்வரை நான் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனவர் தெருவில் பிறந்த உடம்பு என்று பெருமையடித்தாள். தினமும் காலையில் வரவேற்பு மேசைக்குப் போய், "மக்கா எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். முதல் நாள் அவர்கள் விழித்தார்கள். பத்தாவது நாளிலிருந்து நரைத்த தாடி வைத்த ஒரு குரோஷிய நாட்டு அதிகாரி, திசையைத் தாளில் படமாகவே வரைந்து எங்கள் அறைக் கதவடியில் செருகிவிடுவார். கப்பல் திரும்பத் திரும்பத் தொழுகை விரிப்பும் அறைக்குள் திரும்பிக்கொண்டே வந்தது. "நம்ம ஊர்ல மேக்கே பார்த்தேன். பிரேசில் போனா கிழக்கே பார்க்கணுமாம்" என்று சின்னப் பெண்போல் சொல்லிச் சிரித்தாள்.

கேப் டவுனை விட்ட மூன்றாம் நாள் மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கப்பல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். மருத்துவர் ஒரு பெண்மணி. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இவருடைய ரத்தப் புற்றுநோய்க்கு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. வைட்டமின் என்று சொல்லி அவள் தினமும் விழுங்கிய மாத்திரைகள் அவைதான். மெதுவாக வளர்கிற நோய். அடக்கி வைக்கலாம், தீர்க்க முடியாது. அவளுடைய சென்னை டாக்டர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பியிருந்தார். கப்பல்காரர்களுக்குத் தெரியும். எனக்கும் ஆயிஷாவுக்கும்தான் தெரியாது.

"ரியோவில் ரத்தம் ஏற்றிக்கொள்ளட்டும். அங்கிருந்தே ஊருக்குத் திரும்புவது நல்லது. ஆனால் முடிவு அவருடையது" என்றார் மருத்துவர்.

அறைக்கு வந்ததும் வெடித்தேன். "எங்கிட்டயே மறைச்சிட்டியேடி!"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன். உன்னையும் வுட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

ஆயிஷாவிடம் இப்போதே சொல்லப் போகிறேன் என்றேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "சொன்னா அவ அடுத்த ப்ளைட்டைப் புடிச்சு ரியோவுக்கு வந்து நிப்பா. அழுவா. அவ அழுதா நான் இறங்கிடுவேன் ஸ்டெல்லா. அப்புறம் எத்தினி நாள் இருந்தாலும் எல்லாம் ஆஸ்பத்திரி நாளுதான். இந்த நாளு மட்டும் என்னுது."

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சுற்றிலும் அட்லாண்டிக். கரையே கண்ணில் படாமல் ஒரே அறையில் முகம் திருப்பிக்கொண்டு கிடந்தோம்.

ரியோவில் ரத்தம் ஏற்றிக்கொண்டாள். மறுநாள் காலை கடற்கரையில் ஒரு குடைக்கடியில் இளநீரோடு உட்கார்ந்திருந்தபோது என் கைப்பேசி அடித்தது. ஆயிஷா. "ஆன்ட்டி, அம்மா போனை எடுக்கலை. நல்லாத்தானே இருக்காங்க?"

நான் ஜமீலாவைப் பார்த்தேன். கண்ணைக் காட்டுவாள், கையை ஆட்டுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். "உனக்கு இன்னா தோணுதோ அத்த சொல்லு" என்றாள். நான் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு நடந்து போய், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரிய அலை வந்து இடுப்புவரை நனைத்தது. தள்ளாடினாள். விழவில்லை. அவள் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கடல்ல நிக்கிறாம்மா. நல்லா இருக்கா" என்று நான் சொன்னேன்.

அவள் திரும்பி வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஊர் போய் இறங்கும் அன்றைக்கே, அவள் வாயாலேயே மகளிடம் சொல்ல வேண்டும். "சொல்றேன்" என்றாள். ரியோவில் இறங்காமல் மறுபடி கப்பல் ஏறினோம். லிஸ்பனில் மலைமேல் இருக்கும் பழைய கோட்டைவரை இரண்டே இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி ஏறி முடித்தாள். சென்னை விமான நிலையத்திலிருந்து ஆயிஷாவின் காரில் வரும்போது, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்; வண்டலூர் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆயிஷா ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். "ரியோல நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

அதற்குப் பிறகு ஜமீலா இரண்டு வருடம் இருந்தாள். மகளை மதித்து எல்லாச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமைதோறும் நான் சதுரங்கப்பட்டினம் போவேன். அம்மாவோடு வந்து தங்கிவிட்ட ஆயிஷா எனக்கு டீ வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

செவ்வாயன்று திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஜமீலாவின் முகத்தைப் பார்த்தேன். ஆண்கள் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போனபின், பெண்கள் நாங்கள் கூடத்தில் இருந்தோம். ஆயிஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பொய் சொல்லச் சொன்னது அம்மாதானே?"

"இல்லம்மா. தோணுறதைச் சொல்லுன்னுட்டுத் தள்ளிப் போயிட்டா. பொய் என்னுதுதான்."

"இப்ப கேட்டாலும் அதையேதான் சொல்வீங்களா?"

"அதையேதான் சொல்வேன்."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "எனக்கு இன்னும் கோவம்தான் ஆன்ட்டி" என்றாள். பிறகு, "அந்தக் கப்பலைப் பத்தி அம்மா எங்கிட்ட எதுவும் சொன்னதில்லை. கோவத்துல நானும் கேக்கலை. சிங்கப்பூர்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

ஜமீலா தனக்கென்று எடுத்துக்கொண்ட அந்த நாட்களைக் கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அவைதான். அவளுடைய புடவையோ புகைப்படமோ எனக்கு வேண்டாம். அந்த நாட்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன; மகளுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டியது என் வேலை.

சொல்லத் தொடங்கினேன். ஏறியது, நான் வாந்தி எடுத்தது, அவள் பெருமையடித்தது. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஆயிஷா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா சொல்லுங்க ஆன்ட்டி. சீக்கிரம் முடிச்சிடாதீங்க."