ஜெயபாய் டீச்சரின் டிரில் பாட்டு

“நாளைக்கு நான் இங்கன இருப்பனோ என்னமோ, யாரு கண்டா?”

டிரில் டீச்சர் ஜெயபாய் இதைச் சொல்லாத நாள் கிடையாது. பந்தில் காற்று இறங்கிவிட்டது என்று போய் நின்றால் இதுதான் பதில். கபடிக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கேட்டாலும் இதுதான். “சாப்பிட்டீங்களா டீச்சர்?” என்று மரியாதைக்குக் கேட்டால்கூட இதுதான். ‘நாளைக்கு’ பலமாகத் தொடங்கும், ‘இருப்பனோ’வில் குரல் கம்மும், ‘யாரு கண்டா’ வெறும் காற்றாக வரும். பத்தாம் வகுப்பில் நான் இதைச் சொல்லிக் காட்டினால் பெஞ்சே குலுங்கும். ஒருநாள் அவர் பின்னால் நிற்பது தெரியாமல் சொல்லிக் காட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“‘இருப்பனோ’ல இன்னும் கொஞ்சம் இழுக்கணும்ளா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் நாளையைப் பற்றி அப்படிப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, எங்கள் மிஷன் பெண்கள் பள்ளியில் ஆறு வருஷம் ஆகியும் அவருக்குத் தற்காலிக வேலைதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் போகச் சொல்வார்கள். ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு. நடுவே இரண்டு மாதம், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவாராம். நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் பள்ளியின் கரஸ்பாண்டெண்ட் ஏசுவடியான் அய்யா. ஒரு வாக்கியம் முடிந்ததும் ஜெபத்துக்கு மூடுவதுபோல் கண்ணை மூடுவார். திறக்கும்வரை எதிரே நிற்பவருக்கு உயிர் இருக்காது.

எழுபத்தெட்டாம் வருஷ விளையாட்டு விழாவில் எழுபது பேர் சேர்ந்து செய்யும் மாஸ் டிரில் நாசமாய்ப் போனது. தையல் டீச்சர் வாசித்த ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, நாங்கள் ஒரு பக்கம் போய் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டோம். அய்யா மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“ஜெயபாய், அடுத்த வருஷமும் இப்படித்தான்னா, ஆர்டரப் பத்தி எங்கிட்ட வாயே தொறக்கப்படாது.” கண் மூடியது.

அந்த வருஷம் அக்டோபரில் டீச்சரின் அண்ணன் ஜேசுதாசன் ஊருக்கு வந்தார். அவருக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. தங்கைக்கு ஒரு இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். எந்த நாட்டிலோ மூன்று பெண்கள் கூடிப் பாடியது, ஆடுவதற்கென்றே போட்டது. ஒரு பக்கத்தில் நாலு பாட்டு. ஒன்று முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. டம், டம், டம், டம் என்று அடி மட்டும் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்களாம். அட்டையில் அந்த மூன்று பேரும் வெள்ளித்தாள் சுற்றினதுபோல் குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பை ஒடித்து நின்றார்கள்.

“அண்ணே, இத எவனாவது பாத்தான்னா என் வேலை போயிரும்!” என்று டீச்சர் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

ஆனால் ஒருநாள் பள்ளி விட்டபின், யாரும் இல்லாத ஹாலில், பழைய வெள்ளைக்கார மிஷனரி அம்மா விட்டுப்போன பிளேயரில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன், டூ, த்ரீ, ஃபோர். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். ஓர் எண்கூடத் தவறவில்லை. ஆர்மோனியம் ஆறு வருஷத்தில் செய்யாததை அந்த மூன்று பெண்கள் ஐந்து நிமிஷத்தில் செய்துவிட்டார்கள்.

நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரை எடுத்து, தட்டின் உறைமேல் படம் துளியும் தெரியாமல் சுற்றிப் பசை போட்டு ஒட்டினார். தட்டின் நடுவட்டத்திலும் வெள்ளைத்தாளை ஓட்டை போட்டு ஒட்டினார். மேலே அழகான கையெழுத்தில் ‘டிரில்’ என்று எழுதினார்.

ஒத்திகை தொடங்கியது. முதல் பாட்டு மட்டும்தான். அதில் வார்த்தையே அதிகம் கிடையாது, ‘ஊ ஊ’தான்.

“டீச்சர், இது யாரு பாடுனது?”

“பட்டாளத்துக்குப் போடுத பாட்டு.”

“பட்டாளத்துல பொம்பளையளா டீச்சர் பாடுதாவ?”

“காலத் தூக்குளா! கேள்வி கேக்கப்படாது.”

சட்டம் ஒன்றே ஒன்று: விசில் ஊதினால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மூன்று வாரத்தில் எழுபது ஜோடிக் கால்களும் ஒரே காலாக விழுந்தன. டீச்சர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் பாட்டு முடியும் இடத்தில் ஓடிப்போய் ஊசியைத் தூக்குவார். ஏனென்றால் இரண்டாவது பாட்டில் அந்த மூன்று பேரும் விடாமல் முத்தம் கேட்டார்கள். ‘கிஸ்’ என்ற சொல்லுக்கு எங்கள் பள்ளியில் அர்த்தம் தெரியாதவர்கள் ஒன்றாம் வகுப்பில்கூடக் கிடையாது.

விழாவுக்கு மைக் செட் போடுகிறவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. டீச்சர் அவரிடம் தட்டைக் கொடுத்து, முதல் பாட்டு முடியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

“அண்ணாச்சி, ஊசி இந்தக் கோட்டுக்கு வந்தா எடுத்திரணும். ஒரு செகண்டு பிந்தினாலும் நான் செத்தேன்.”

“நான் எத்தன கல்யாணத்துக்குத் தட்டுப் போட்டிருக்கேன் டீச்சர்! கவலய விடுங்க.”

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஆயா முப்பிடாதி சுற்றறிக்கையோடு வந்தாள். தலைமை விருந்தினர், துறைமுகத்துக் கஸ்டம்ஸ் ஆபீசர். டீச்சர் கையெழுத்துப் போட்டது கோடாகத்தான் விழுந்தது.

“கப்பல்ல வந்த தட்டு, முப்பிடாதி. பில்லு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கஸ்டம்ஸ்காரர் காது வச்சே கண்டுபிடிச்சிருவாவளாமே!”

“காது வச்சு எப்படிக் கண்டுபிடிப்பாவ? மூக்கா இருந்தாலும் பரவாயில்ல,” என்றாள் முப்பிடாதி.

அன்று சாயங்காலமே எங்களை நிறுத்தி ஆர்மோனியத்துக்கு ஆட வைத்துப் பார்த்தார். இரண்டாவது நிமிஷத்தில் மூன்றாவது வரிசை நாலாவது வரிசைமேல் விழுந்தது. டீச்சர் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டைப் போட்டால் பிடிபடலாம், போடாவிட்டால் ஆர்டர் நிச்சயமாய்ப் போகும். மறுநாள் மத்தியானம் அவர் டிபன் பெட்டியைத் திறந்தார், மூடினார், திறந்தார். உதடு மட்டும் அசைந்தது. எனக்கு அன்று அவரைச் சொல்லிக் காட்ட வரவில்லை.

சனிக்கிழமை. ஷாமியானா, மேடை, மாலை. ஆபீசர் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஏசுவடியான் அய்யா. நாங்கள் எழுபது பேரும் வெள்ளை உடுப்பில், உச்சிவெயிலில். டீச்சர் மரப்பலகைமேல் ஏறி விசிலை வாயில் வைத்தார். விசில் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் வந்தது. மூன்றாவது வரிசையில் நின்ற எனக்கே கேட்டது.

டம், டம், டம், டம். ஊ ஊ. எழுபது கை மேலே, எழுபது கை கீழே. நூல் பிடித்தாற்போல் போனோம். ஆபீசரின் பூட்ஸ் தாளம் போட்டது. அய்யா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சிலுவை வடிவத்தில் நின்றோம். முடிந்தது.

முடியவில்லை. டம், டம், டம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். பெரிய ஆபீசர் வருகிறார், தட்டில் தூசி இருந்து கரகரத்தால் மைக் செட்டுக்கு மானக்கேடு என்று, செந்தூர்பாண்டி அண்ணாச்சி காலையிலேயே தட்டை வெல்வெட் துணியால் பளபளவென்று துடைத்திருந்தார். சாக்பீஸ் கோடு அதோடு போயிற்று. இப்போது அவர் தட்டின்மேல் குனிந்து, இல்லாத கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இடைவெளி பார்த்து எடுக்கலாம் என்றால், அந்தத் தட்டில் இடைவெளியே கிடையாது.

டீச்சர் ஊசியைத் தூக்கச் சொல்லி அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மைக் செட்காரர்களுக்குக் கையைத் தூக்கினால் ஒரே அர்த்தம்தான்: சத்தத்தைக் கூட்டு. அண்ணாச்சி கூட்டினார். நாலு குழாய் ஸ்பீக்கரும் அலறின. அந்தப் பெண்கள் மூச்சை இழுத்து, முதல் முத்தத்தைக் கேட்க வாயைத் திறந்தார்கள்.

டீச்சர் விசிலை ஊதினார்.

சொல் விசிலுக்குள் மறைந்தது. நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம். அடுத்த ‘கிஸ்’ வந்தது, விசில், திரும்பினோம். பலகையை விட்டு இறங்கி ஓடினால் அந்த ஓட்டத்துக்குள் நாலு ‘கிஸ்’ ஊர் முழுக்கக் கேட்டுவிடும். அவரால் அசைய முடியவில்லை. முகம் வெளிறிப்போய், கண் பிதுங்க, ஒவ்வொன்றாக ஊதி ஊதி அடைத்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன்: இருபத்தெட்டு. அதாவது நாங்கள் ஏழு முழுச் சுற்று சுற்றினோம். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தலை சுற்றி உட்கார்ந்தாள். டீச்சரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, விசில் மட்டும் நிற்கவில்லை. இருபத்தெட்டாவதுக்குப் பிறகு அண்ணாச்சி பயந்துபோய் பிளக்கையே பிடுங்கினார்.

பிறகு ஆபீசர் எழுந்து நின்று கைதட்டினார்.

“பிரமாதம்! அந்தக் கடைசி ஐட்டம் ரொம்பப் புதுசு. அந்த ரெக்கார்டைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்க, பார்க்கணும்.”

டீச்சர் அப்படியே குனிந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். ஆபீசர் தன் மகளுக்கு அதேபோல் ஒன்று வாங்கத்தான் பெயர் கேட்டார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அப்போது நாங்கள் எல்லோரும் நினைத்தது ஜெயில். முப்பிடாதி தட்டை உறையோடு கொண்டுபோனாள். பெயர் எங்கே என்று புரட்டிப் பார்த்த அய்யா, நகத்தால் பிரவுன் பேப்பரைக் கிழித்தார். ஒரு சாண் கிழிந்ததும் அவர் கை நின்றது. உறையோடு தட்டைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, “பேரு அழிஞ்சுபோச்சு சார், பழைய மிஷனரி அம்மா விட்டுட்டுப் போனது,” என்றார். அதன்பின் கூட்டம் முடியும்வரை அவர் கண் மூடியே இருந்தது.

திங்கட்கிழமைக்குப் பிறகு ஜெயபாய் டீச்சர் எங்கள் பள்ளியில் இல்லை. இப்போது பெரியதாழைப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். அங்கேயும் தற்காலிக வேலைதான். அந்தத் திங்கட்கிழமை அய்யாவின் அறையில் நடந்ததை, காப்பித் தம்ளரோடு நின்ற முப்பிடாதி எனக்குச் சொன்னாள்.

மேசைமேல் தட்டின் உறை, பேப்பர் முழுசாகக் கிழிந்து, படம் மேலே தெரிய. அதன் பக்கத்தில் டைப் அடித்த நிரந்தர ஆர்டர், கையெழுத்து இல்லாமல். டீச்சர் உள்ளே வந்து கால் மணி நேரம் ஆகியும் அய்யா ஒன்றும் பேசவில்லையாம். டீச்சரின் சேலைத் தலைப்பு நடுங்குவது முப்பிடாதிக்கே தெரிந்ததாம். கடைசியில் அய்யா வாயைத் திறந்தார்.

“நாளைக்குக் காலம்பற பிரேயர்ல, எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால நீ முட்டுப்போட்டு மன்னிப்புக் கேக்கணும். கேட்டா, கையெழுத்துப் போடுதேன். இந்தப் படத்த எம் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுவந்து, பச்சப் பிள்ளையளக் கெடுக்கப் பாத்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்லையா?”

டீச்சரின் நடுக்கம் நின்றுவிட்டதாம். தட்டைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார்.

“அய்யா, ஆறு வருசமா உங்க முன்னால மூச்சு விடவே பயந்தேன். இனி பயந்து என்ன ஆவப்போவுது, அந்த ஆர்டரு உங்ககிட்டயே இருக்கட்டும். எழுவது பிள்ளைய இந்தத் தட்டுக்கு மூணு மாசமாக் காலத் தூக்குச்சு. அதுல ஒரு பிள்ளையாவது இந்தப் படத்தப் பாத்திருக்கான்னு கூப்பிட்டுக் கேளுங்க. பாக்கப்படாதுன்னுதான் நான் பசை போட்டு ஒட்டுனேன். கிழிச்சது நீங்க. நான் வந்து கால் மணி நேரமாச்சு, இன்னும் திருப்பி வைக்காம பாத்துக்கிட்டு இருக்கதும் நீங்க. நாளைக்குப் பிரேயர்ல பிள்ளையள நான் வரிசையா நிப்பாட்டுதேன், மன்னிப்ப நீங்க கேளுங்க.”