தர்ஷிகாவுக்கு ஒரு பைனாகுலர்

மூக்குக் கண்ணாடி விற்கிறவர்கள் பைனாகுலர் விற்க ஆசைப்படக் கூடாது. கண்ணாடி வியாபாரம் அரை மணி நேரத்தில் முடியும், பைனாகுலர் ஒரு வாரத்துக்கு ஆளைப் படுத்தி எடுக்கும். கஹவத்தை பஜாரில் கடை வைத்துக்கொண்டு, பட்டுத்தான் சொல்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

வளர்கிற கழுத்து

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் செல்வராஜ், பன்னிரண்டு வயது மகள் தர்ஷிகாவோடு வந்தார். அவள் மூக்கில் இருந்த தடித்த கண்ணாடி என் கடையில் போட்டதுதான். முகம் தொங்கிப் போயிருந்தது. "எங்க லய வீட்டு வரிசைக்குப் பின்னால கெஹிபெல்லாக் குருவி பாத்தேன் ஆன்ட்டி. நீல உடம்பு, சிவப்பு மூக்கு, நீளமான வால். அது காட்டுக்குள்ளதான் இருக்கும், நீ பாத்தது மீன்கொத்தின்னு எங்க விஞ்ஞான சேர் சொல்லிட்டாரு. கொப்பியில நான் எழுதினத சிவப்புப் பேனாவால வெட்டிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

செல்வராஜுக்கு ரோஷம். "பைனாகுலர் ஒன்னு, இருக்கிறதுலயே பெருசா எடுங்கக்கா!" என்றார். இருபது மடங்கு காட்டுகிற பூதம் ஒன்று அலுமாரி மேல் கிடந்தது. பெரிதாகக் காட்டினால் கை நடுக்கத்தையும் பெரிதாகக் காட்டும், பறவை எந்தக் கிளை என்று தேடுவதற்குள் பறந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. மகள் கழுத்தில் மாட்டினார். பிள்ளை கும்பிடுகிற மாதிரி குனிந்துவிட்டது.

"பரவாயில்லங்கக்கா, வளர்ற புள்ளதானே, நாலு மாசத்துல கழுத்தும் சேர்ந்து வளர்ந்துரும்!"

வயிற்று வலிக்காரர்

எட்டு மடங்கு போதும் என்று ஒரு வழியாக இறங்கி வந்தார். சோதித்துப் பார்க்கக் கடை வாசலில் நின்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் திருப்பினார். "ஹரி, சரிதான், போர்டு எழுத்தெல்லாம் தெரியுது" என்றவர் திடீரென்று "ஐயோ!" என்று உள்ளே பாய்ந்து கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், தேத்தண்ணிக் கடையில் அவருடைய சூப்பர்வைசர் வடை தின்றுகொண்டிருந்தார். இவரோ வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு வந்தவர். சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுந்து வாருங்கள் என்றேன். தலையை மட்டும் நீட்டினார்.

"அவர நமக்குக் கிட்டத்துல காட்டுது சரி, நம்மளயும் அவருக்குக் கிட்டத்துல காட்டுமாக்கா?"

கறுப்பு வட்டம்

அடுத்து தர்ஷிகா பார்த்தாள். "கறுப்பா ரெண்டு வட்டம்தான் தெரியுது ஆன்ட்டி." நான் திருகைத் திருகினேன், துணியால் துடைத்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சின்ன முகத்துக்கு ஏற்ற மாதிரி இரண்டு குழாயையும் நெருக்கி மடக்கினேன். அப்போதும் கறுப்புத்தான். இது பழுது, வேறு எடுத்துத் தருகிறேன் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்டேன்.

அவள் கண் வைக்கிற இடத்து ரப்பர் வளையங்களை மடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடி போட்டவர்கள் அந்த வளையத்தை மடித்துத்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஆன்ட்டி, நீங்க கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கீங்க?"

ஆடு

ஞாயிற்றுக்கிழமை காலை, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று நானும் அவர்களுடைய தேயிலைத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். லயத்துக்குப் பின்னால், காட்டை ஒட்டிய பலா மரத்தடியில், தர்ஷிகா விடியற்காலையிலிருந்து நிற்கிறாளாம். ஏழரை மணிக்கு அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். "வந்துருச்சு!" என்று மூச்சுக்குள்ளேயே கத்தினாள். ஒன்றல்ல, ஐந்தாம்! செல்வராஜ் வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார். அதற்குள் லயமே வரிசையில் நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு நிமிடம் என்று ஒழுங்கு செய்வது என் வேலையாயிற்று. அடுத்த வீட்டு மாரியாயி மட்டும் பைனாகுலரைத் தரவே மாட்டேன் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தையல்ல, எதிர் மலையை.

"குருவி கெடக்கட்டும் புள்ள, நேத்திலிருந்து என் ஆட்டக் காணோம், இரு, தேடிட்டுத் தாறேன்!"

சேர்

செல்வராஜ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில் விஞ்ஞான சேரும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். வரிசை தானாக விலகியது. அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தர்ஷிகா பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

பைனாகுலரை இறக்கியவர் அவள் கொப்பியை வாங்கி, தான் வெட்டியிருந்த பக்கத்தைத் திறந்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுற்றி நின்றவர்கள் சீட்டி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் பறவைகள் பறந்துவிட்டன, யாருக்கும் கவலையில்லை.

"நாளைக்கு வகுப்புல நீயே முன்னுக்கு நின்னு சொல்லு மகள், நான் நீ உக்கார்ற வாங்குல உக்காந்து கேக்குறேன்."

ஊருக்கே பார்வை கொடுக்கிறேன் என்று போர்டு மாட்டியிருக்கும் நான், வரிசையை ஒழுங்கு செய்த அவசரத்தில் அந்த கெஹிபெல்லாவின் ஒரு இறகைக்கூடப் பார்க்கவில்லை.