ஒரு சுற்றுக்குப் பதினொன்று

கும்மிடிப்பூண்டியில், பழைய கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிரிக்கும் ஒரு குடோனில் எனக்கு வேலை. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பச்சைப் பலகைகளை ரகம் பிரித்துக் கூடையில் போடுவேன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும். பலகையில் ஒட்டியிருக்கும் சீட்டில் 32, 64, 128 என்று படிப்பேன். 32 போட்டது மொட்டையாக இருக்கும். 64-இன் முதுகில் அலுமினியத்தில் சீப்பு மாதிரி ஒன்று. 128-க்கு அதற்கும் மேலே குட்டியாக ஒரு விசிறி. எண் ஏற ஏற இதற்கு ஏன் வேர்க்கிறது என்று ரொம்ப நாளாக எனக்கு யோசனை. வாய் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயப்படுகிறவள் நான். ஒரு நாள் முதலாளி பாய் மட்டும் பக்கத்தில் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"அது கிராபிக்ஸ் கார்டும்மா. கம்ப்யூட்டர்ல தெரியுற படத்தையெல்லாம் நிக்காம வரைஞ்சு தள்றது அதான். நிக்காம வேல செஞ்சா சூடாவாதா? உனக்கு ஆவுதுல்ல?" என்றார்.

அந்த வருஷமே என் மகளுக்கும் அது தேவைப்பட்டது. அவள் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு டை பட்டறையில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தவள். டை என்றால் இரும்புத் தகட்டை அழுத்தி உருவம் எடுக்கிற அச்சு. குழந்தை பிறந்ததும் வேலை நின்றுவிட்டது. பட்டறைக்காரர் நல்ல மனுஷன். "ஊட்லயே வரைஞ்சு குடும்மா. ஆனா முழு டையும் உன் கம்ப்யூட்டர் தாங்குமான்னு ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். தாங்கலேன்னா வேற ஆள பாத்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டு அவளால் பட்டறைக்குப் போக முடியாது. வீட்டிலிருந்தபடி வேலை செய்ய அந்த ஒரு வழிதான் இருந்தது.

அவள் திருவள்ளூர் போய் ஒரு புதுக் கார்டு வாங்கி வந்தாள். ஆடி மாதம். பெரியபாளையத்து அம்மன் கோயில் வேப்பிலைக் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லையாம். கார்டு இருந்த அட்டைப்பெட்டியில் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வாளோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள்.

"இவ யாரு?" என்றேன்.

"யாரும் இல்லம்மா. சும்மா பொம்ம."

டை வரைவதற்கும் வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். பெட்டி மேல் 256 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அத்தனை பெரிய எண்ணை நான் குடோனில் பார்த்ததே இல்லை.

அவள் கார்டைச் சொருகி டையைத் திரையில் கொண்டுவந்தாள். பளபளவென்று நிஜ இரும்பு மாதிரியே மின்னியது. கீழே நிழல்கூட விழுந்தது. மவுஸைப் பிடித்துச் சுற்றினால்தான் வினை. பஞ்சர் ஆன வண்டி மாதிரி நின்று நின்று திரும்பியது. பலகைகளை எண்ணி எண்ணி எனக்கு அது பழக்கம், மனசுக்குள் எண்ணினேன். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்தொன்பது ஆனது.

"பாதியில தூங்கிடும் போலகீது," என்று சொல்லி மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.

அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகும் முன் அந்தக் கார்டைக் கழற்றித் தரச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. கறுப்புச் சில்லுகள் நாலுதான். குடோனில் வரும் சில 128-களில் முன்னே நாலு, பின்னே நாலு என்று எட்டு இருக்கும். செம்புத் தகடு போட்டு கனமாகவும் இருக்கும். கனமாக இருப்பதுதான் நல்ல சரக்கு என்பது எங்கள் குடோன் கணக்கு.

மறுநாள் அப்படி ஒன்று கூடையில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாய் எதிரில் போய் நின்றேன். மகள் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவரே, "எடுத்துக்கினு போ. ஓடலேன்னா திரும்ப அதே கூடையில போட்ரு" என்றார்.

வீட்டில் பழைய பல் துலக்கும் பிரஷால் விசிறித் தூசியைத் தட்டினேன். அதைப் பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவளிடம் சொல்லவில்லை. அப்புறம்தான் நீட்டினேன்.

"இத்த ஒரு வாட்டி போட்டுப் பாரேன் கண்ணு."

"குப்பையில கெடந்ததாம்மா?"

"வெயிட்டா கீது."

"இன்னாம்மா, பித்தளை அண்டாவா வாங்குறோம், எடை பாக்க?" என்று சிரித்தாள். ஆனாலும் போட்டாள்.

திரையில் பளபளப்பு போய்விட்டது. நிழலும் இல்லை. டை சாம்பல் பூசின மாதிரி மங்கலாக இருந்தது. அவள் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு திரும்பியது. "புதுசு பத்தொம்பது, இது பதினொண்ணுதான்," என்றேன்.

"நீ இழுத்து இழுத்து எண்ணிக்கினு இருப்ப," என்று சொல்லி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் திரும்பச் சுற்றினாள். புதுசைப் போட்டாள், பழசைப் போட்டாள், இன்னொரு தடவை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் பழசுதான் முந்தியது. புதுசைவிடப் பழசு எப்படி ஓடும்? எனக்கும் விளங்கவில்லை. கனம் ஜெயித்தது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

திருவள்ளூர் கடைக்காரருக்கு அவள் போன் போட்டாள். பேசிவிட்டு வந்து சொன்னாள்: "256-ன்றது படத்த சேத்து வைக்கிற தொட்டியாம்மா. தொட்டி பெருசு, ஆனா குழாய் சின்னது. அதோட அகலம் அறுபத்தி நாலுதான். உன் பழசுக்குத் தொட்டி பாதி, குழாய் ரெண்டு மடங்கு. தண்ணி அதுலதான் சீக்கிரம் வருது. பளபளப்பு மட்டும் புதுசுக்குத்தான் தெரியும். அதெல்லாம் உன் பழசு பொறந்ததுக்கப்புறம் வந்த வித்தையாம்."

அப்படியானால் கனத்துக்கும் ஓட்டத்துக்கும் நேராகச் சம்பந்தம் இல்லை. என் கணக்கு தப்பு. விடை மட்டும் எப்படியோ சரியாக வந்துவிட்டது. சில்லுகள் எட்டா நாலா என்பதுதான் குழாயின் அகலம் போலிருக்கிறது. நானாக அப்படி நினைத்துக்கொண்டேன்.

எதைப் போட்டு வைப்பது என்று மகளுக்கு ஞாயிறு காலை வரை குழப்பம். "சார் வந்து, இன்னா இவ்ளோ மங்கலா கீதுன்னு கேட்டா?" என்றாள். கடைசியில் பழசையே விட்டாள்.

பட்டறைக்காரர் வந்தார். நான் சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவரே மவுஸை வாங்கிச் சுற்றினார். எண்ண ஆரம்பித்தேன். விசிறி ஒரு மாதிரி கரகரத்தது. பதினொன்றில் சுற்று முடிந்தது. அவர் விடாமல் டையை மேலும் கீழுமாகத் திறந்து மூடினார்.

"மினுமினுப்பு வராது சார், கொஞ்சம் மங்கல்தான்," என்றாள் மகள் மெதுவாக.

"மினுமினுப்பு எனக்கெதுக்கும்மா? மூடும்போது ஒண்ணோட ஒண்ணு இடிக்குதான்னுதான் பாக்கணும். திங்கக்கெழம ஒரு சிடி குடுத்தனுப்புறேன். ஆரம்பிச்சுக்கோ." எழுந்தவர், "கார்டு நல்லா கீதே. எங்க வாங்கின?" என்று கேட்டார்.

மகள் சமையல்கட்டுத் திரைப் பக்கம் பார்த்தாள்.

"எங்கம்மா ஆபீஸ்ல குடுத்தாங்க சார்."

ஆபீஸ் என்றாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நான் திரையை விலக்கி வெளியே வந்தேன்.