பக்கத்து வகுப்பறை

லாட்ஜில் அவளுக்குப் பெயர் 'மூணாவது மாடி'. அந்த மாடியின் பன்னிரண்டு அறைகளையும் பதினொரு வருடமாகப் பெருக்கித் துடைத்து வருவதால், மேனேஜர் முதல் துணி துவைப்பவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தங்கிப்போனவர்கள் கட்டிலடியில் விட்டுச்செல்லும் பாட்டில்களில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கும். தொட்டியில் கொட்ட வேண்டியதை, முதுகுவலிக்கென்று ஒருநாள் வாயில் ஊற்றிக்கொண்டாள். பிறகு வலியில்லாத நாட்களிலும் முதுகைச் சாக்குச் சொன்னாள். பிறகு சாக்கும் தேவைப்படவில்லை.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவர, கழுவிய பினாயில் பாட்டில் ஒன்று வைத்திருந்தாள். குளியலறை மூலையில் நிஜப் பினாயிலுக்குப் பக்கத்திலேயே அதுவும் நின்றது. லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் டீயைத் தவிர எதையும் தொடாதவன். பினாயிலை ஏன் மோந்து பார்க்கப்போகிறான்? நான்கு வயது மகள்தான் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். அம்மா குடித்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சுவிட்டால் அது ருசியாகத்தானே இருக்க வேண்டும்? மறுநாள் குழந்தை எடுத்தது மற்ற பாட்டிலை.

உயிர் தப்பியது. ஆனால் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வாயெல்லாம் புண்ணாகக் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று நாத்தனார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"அண்ணி, எனக்குக் கோபமில்ல, பயம்தான். நாலு பேர் முன்னாடி வாயத் திறந்து 'நான் குடிக்கிறேன்'னு சொல்லிட்டு வாங்க. அன்னிக்கே பிள்ளைய அனுப்புறேன்."

அந்த நாலு பேர் எங்கே இருப்பார்கள் என்று தேடி அலைந்தவன் கணவன். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்: ஒரு பள்ளிக்கூடம், மாடி, ஞாயிறு மாலை ஐந்து மணி. ஞாயிறு காலை அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கழற்றி வைத்திருந்த குழந்தையின் குட்டி இருக்கையை ஸ்கூட்டரின் முன்பக்கம் திரும்ப மாட்டினான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இங்கயே நிக்கிறேன்," என்றான் பள்ளிக்கூட வாசலில். "சொல்லிட்டு வா."

உள்ளே மாடிப்படி அருகே காகிதத்தை வாங்கிப் பார்த்தார் வாட்ச்மேன். "குடிக்கிறவங்க கூட்டமா? மாடிக்குப் போம்மா. எங்க உன் வீட்டுக்காரர்? பாதி வழியில நழுவிட்டாரா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் கூடச் சிரித்துவைத்தாள்.

மாடியில் முதல் வகுப்பறையில் பதினைந்து ஆண்கள், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு. சலவைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"வாங்கம்மா. குடும்பத்துக்காரங்களுக்குப் பக்கத்து ரூம்."

"இல்ல, நான் வந்து..."

"தெரியும்மா. மொத நாள் வாயே வராது. என் சம்சாரமும் அங்கதான் இருக்கா. தைரியமா போங்க." பக்கத்து அறைக் கதவை அவரே திறந்துவிட்டார். அவ்வளவு மரியாதையாக யாரும் அவளுக்குக் கதவு திறந்ததில்லை.

உள்ளே ஏழு பெண்கள். டீச்சர் நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு ரிட்டையர்டு டைப்பிஸ்ட் அம்மாள்.

"எத்தன வருஷமா குடிக்கிறார்?"

"மூணு."

"அடிப்பாரா?"

"இல்ல."

"கொடுத்துவச்சவ!" என்றாள் அவர்களில் ஒரு காய்கறிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். "எங்க ஒளிச்சு வைப்பாரு?"

"பினாயில் பாட்டில்ல."

"அடேங்கப்பா! எங்க வீட்டுது அரிசி டப்பாவத் தாண்டல. உன் ஆளு மூளைக்காரன்டி."

அந்தச் சிரிப்பு அடங்கியபோது அவள் பேசத் தொடங்கினாள். மடை திறந்தது போல வந்தது. விடிந்ததும் நடுங்கும் கை, பல் தேய்க்கும் முன் ஒரு வாய், நாளையோடு சரி என்று குழந்தை தலையில் அடித்துச் செய்த சத்தியங்கள், பிறகு அந்தப் பாட்டில், அந்தப் புண். ஒன்றையும் மறைக்கவில்லை. 'நான்' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'அவர்' என்று வந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. அத மட்டும் மனசுல வச்சுக்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "நான் ஒரு குடிகாரன்," என்றது. பதினைந்து பேர் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து கண்ணாடியம்மாள் அவளோடு வாசல்வரை வந்தாள். ஸ்கூட்டரையும் குட்டி இருக்கையையும் கண்டதும், இவள் தடுப்பதற்குள், நேரே அவனிடம் போனாள்.

"தம்பி, வயசுல பெரியவ சொல்றேன். பிள்ள வாய் புண்ணாக் கிடந்தப்பகூடவா உங்களுக்கு உறைக்கல? இந்தப் பொண்ணு அங்க எப்படி அழுதுச்சு தெரியுமா? அடுத்த வாரம் வாசல்ல நிக்காம மேல வந்து உக்காருங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவனும் சொல்லலாம், அவளும் சொல்லலாம்.

"சரிங்கம்மா," என்றான் அவன்.

"வாய்க்குச் சரி சொல்லக் கூடாது."

"இல்லம்மா. வர்றேன்."

வண்டி இரண்டு தெரு கடந்தது. சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே கேட்டான்: "தங்கச்சி போனுக்காகக் காத்திருப்பா. என்ன சொல்றது?"

"அடுத்த வாரம்..." என்றாள்.

வலப்பக்கம் திரும்பினால் தங்கை வீடு. பச்சை விழுந்ததும் அவன் நேராகப் போனான். முன்னால் குட்டி இருக்கையின் பெல்ட் அவிழ்ந்து, வீடுவரை காற்றில் அடித்துக்கொண்டே வந்தது.