மாப்பிலா வந்த கல்யாணம்

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு முன்பே பந்தலுக்கு வந்து சேர்ந்தது ஒரு பாம்பு.

இலங்கையில், தெஹியோவிட்ட ஊருக்கு மேலே, ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில்தான் பந்தல். தறப்பாள் கட்டி, அது தெரியாதபடி அடிப்பக்கம் முழுக்கத் தென்னோலையும் கித்துல் ஓலையும் வைத்து மறைத்திருந்தார்கள். கித்துல் என்றால் கூந்தல்பனை. அந்த ஓலையை என் தாய்மாமா காட்டோரத்தில் வெட்டி, கொத்துக் கொத்தாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். அதில் பெரிய கொத்தை மணவறைக்கு நேர் மேலே தொங்கவிட்டார்.

நான் உள் காம்பராவில் கூறைப் புடவையோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கித்துல்கலயிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்கள். மழையில் பாதை மோசம், மெதுவாகத்தான் வருவார்கள் என்று செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு ஆற்றில் சுற்றுலாக்காரர்களைக் காற்றடைத்த படகில் கூட்டிப்போகும் வேலை. பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். போனில் பேசும்போது நான் கேட்டதற்குப் பதில் சொல்வார். அவராக எதுவும் கேட்கமாட்டார். அமைதியான பிள்ளை என்று அம்மாவுக்கு ஒரே சந்தோசம். அது அமைதியா, அல்லது என்மேல் அக்கறை இல்லையா என்று எனக்குத்தான் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

அப்போது வெளியே கடைக்கார அக்காவின் குரல் கேட்டது. தோட்டத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் சிங்களப் பெண் அவர். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதையும் விடமாட்டார். பலகாரத் தட்டை மணவறைப் பக்கம் வைக்கப் போனவர், அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாப்பிலா! மாப்பிலா!" என்று கத்தினார்.

அடுப்படியில் இருந்தவர்கள் காதில் அது "மாப்பிள்ளை" என்றுதான் விழுந்தது. சித்தி ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேளக்காரர்கள் கோப்பையைப் போட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். யாரோ என் தலைப் பூவைச் சரிசெய்தார்கள். ஆனால் வாசலில் வேனும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கடைக்கார அக்கா மட்டும் நடுப் பந்தலில் நின்று, மேளச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிலா என்றால் சிங்களத்தில் பூனைப்பாம்பு. எங்கள் லயத்தில் சிங்களம் தெரியாதவர் யாருமில்லை. மேளம் நின்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அந்தப் பாம்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மாப்பிலா தனியாக வராது, ஏழு சேர்ந்துதான் வரும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கூரையிலிருந்து சங்கிலி மாதிரி இறங்கும். கடைசிப் பாம்பு தூங்குகிறவர்களின் ரத்தத்தைக் குடிக்கும் என்பார்கள். சிங்கள வீடுகளிலும் இதே கதைதான். அதனால் ஒரு பாம்பைக் கண்ட பிறகு யாரும் அந்தப் பாம்பைப் பார்க்கவில்லை. "மத்த ஆறும் எங்க? மத்த ஆறும் எங்க?" என்று பந்தல் முழுக்கத் தேடினார்கள். நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மேளக்காரர் ஒருவர் தன் மேள உறைக்குள்ளேயே எட்டிப் பார்த்தார்.

நான் காம்பராவை விட்டு வெளியே வந்தேன். மணப்பெண் வரக்கூடாது என்று சொல்லக்கூட அப்போது யாருக்கும் நினைவில்லை.

மேலே பார்த்தேன். ஓலைக் காம்புகளுக்கு நடுவில், சுருட்டி வைத்த சணல் கயிறு மாதிரி கிடந்தது. காய்ந்த இலையின் நிறம். முதுகில் கருமையான பட்டைகள். கழுத்து ஒல்லி, தலை மட்டும் அகலம். கண் பெரிதாகத் திறந்திருந்தது, ஆனால் அது எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. இவ்வளவு கூச்சலிலும் அசையாமல் கிடந்தது. தன் வீட்டில் தூங்கிய பாம்பை நாங்கள்தான் வீட்டோடு வெட்டிக் கொண்டு வந்துவிட்டோம் என்று தோன்றியது.

மாமா நீளமான கம்போடு வந்தார்.

"தள்ளும்மா. ஒரே அடிதான்."

"வேணாங்க மாமா."

"என்னா வேணாம்? நீ உள்ள போ புள்ள, நேரம் போகுது."

"அதுக்குக் கீழதான நான் உக்காரப் போறேன்? என் கல்யாணத்துல எதையும் அடிச்சுக் கொல்ல வேணாம்."

சம்பந்தம் பேசியதிலிருந்து புடவை நிறம் வரை எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் நான். அன்றுதான் முதல்முறையாக ஒன்றை வேண்டாம் என்றேன். முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாம்புக்குப் பயந்தா, மாமாவுக்குப் பயந்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மாமா கம்பை இறக்கவும் இல்லை, ஓங்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்தார். வேன் சேற்றில் மாட்டிக்கொள்ள, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்திருந்தார்கள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் அவர்களை வாங்க என்று கூப்பிடவில்லை. அவரும் எங்கள் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அட, மாப்பிலா" என்றார். பிறகு மெதுவாக, "தூங்குதுங்க. பகல்ல இப்பிடித்தான் கெடக்கும்."

"கடிக்காதா?" என்று அம்மா கேட்டார்.

"கையை வச்சா கடிக்குங்க. ஆனா வெசப்பல்லு முன்னுக்கு இல்ல, கடவாய்ப் பக்கம் இருக்கு. பல்லிய கொல்ற அளவு வெசந்தான், நமக்குன்னா வீங்கும். அதுக்காகக் கைய வைக்கவும் வேணாம்."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. என்னா செய்வோம்?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சுற்றி நின்ற அத்தனை பெரியவர்களையும் விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுரலாங்க" என்றேன்.

அவர் சரி என்று ஒரு மூங்கில் கேட்டார். கொத்தின் கட்டுக்குள் மூங்கிலைச் செருகி, மேல் கயிற்றை அறுக்கச் சொல்லி, கொத்து அப்படியே மூங்கிலில் தொங்கும்படி இறக்கினார். மூங்கிலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். யாரும் முன்வரவில்லை. கடைசியில் மாமாதான் கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார். ஓலை ஆடியதும் பாம்பு விழித்துக்கொண்டது. முன்னுடம்பை வளைத்து வளைத்துத் தூக்கி, வாயைத் திறந்து, காற்றில் ஒரு கொத்துக் கொத்தியது. வால் நுனி ஓலையில் அடித்துச் சடசடத்தது. கூட்டம் பின்னால் ஒதுங்கியது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் மூங்கிலை விடவில்லை.

"பவ்" என்றார் கடைக்கார அக்கா. பாவம் என்று அர்த்தம். பாம்பைச் சொன்னாரா, மாமாவைச் சொன்னாரா தெரியாது.

பட்டு வேட்டியோடு அவர் ஒரு முனை, மாமா மறுமுனை. நடுவில் ஓலைக்கொத்தோடு இருவரும் ரப்பர் மரங்களுக்கு ஊடே காட்டோரத்துக்குப் போய் வந்தார்கள். ஐயர் நேரம் போகிறது என்று பதறினார். மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்து மணவறையில் உட்கார்ந்தார். தாலி கட்டும்போது அவர் மணிக்கட்டில் ரத்தக் கோடு ஒன்றைக் கண்டேன்.

"கடிச்சிருச்சா?" என்று குனிந்தபடியே கேட்டேன்.

"இல்ல, ஓலை கிழிச்சது. பயமாத்தான் இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

கெட்டிமேளத்துக்கு நடுவில் நான் சிரித்துவிட்டேன். கல்யாணப் படங்களில் அது அப்படியே பதிந்திருக்கிறது.

கல்யாணமாகிப் போன கித்துல்கலயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரம்புட்டான் மரம், அதற்குப் பின்னால் காடு. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மரத்துக் கவட்டில் ஒரு மாப்பிலா பகலில் வந்து படுத்தது. துணி துவைத்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். பகலில் அதன் கண்மணி பூனைக்கு இருப்பதுபோல ஒரு கோடு. வெளிச்சம் குறையக் குறைய அந்தக் கோடு அகன்று வட்டமாகும். அப்போதுதான் உடம்பை ஒவ்வொரு சுருளாக அவிழ்க்கும். ஒரு நாள் மாலை, விளக்குப் போடும் நேரத்தில், அது ஓணான் ஒன்றைப் பிடித்ததைப் பார்த்தேன். விரியன் மாதிரி கொத்தியதும் விட்டுவிடவில்லை. நடு உடம்பைக் கவ்வி, தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி, இரையைப் பின்பற்கள் வரைக்கும் கொண்டுபோனது. பிறகு ஓணான் துவளும் வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் பார்த்தேன், எப்போதும் அது தனியாகத்தான் வந்தது.

சிங்களத்தில் இதை நிதி மாப்பிலா என்பார்கள். தூங்குமூஞ்சி மாப்பிலா என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுநேரம் எழும்பாத என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பெயரை வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் பார்த்ததை அவர் தன் படகுக்காரர்களிடம் சொல்ல, அதைக் கேள்விப்பட்டு, பக்கத்தில் தங்குமிடம் நடத்தும் பெண் என்னைக் கூப்பிட்டார். காலை வேளைகளில் விருந்தாளிகளைக் காட்டோரம் நடத்திக்கொண்டுபோய்ப் பறவையும் பூச்சியும் காட்ட முடியுமா என்று கேட்டார். சிங்களம் இருந்தது, இங்கிலீஷ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இப்போது அதுதான் என் வேலை. லயங்களில் பாம்பைக் கண்டால் சிலர் எனக்குப் போன் எடுக்கிறார்கள். சிலர் அடித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். அதற்கும் போய் என்ன பாம்பு என்று சொல்லிவிட்டு வருவேன். அடுத்த முறை முதலில் எடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண்கள் சிலர் வந்து, "எங்களயும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டியா?" என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் காட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள். விறகுக்கு மட்டும்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு காலை போனோம். அட்டைக்கு மருந்தாகச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். இப்படிச் சத்தம் போட்டால் ஒன்றும் கண்ணில் படாது என்று நான் நினைத்தேன். ஆனால் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் சட்டென்று நின்றார்.

"அந்தக் கொடியில பாருங்க. கயிறு மாதிரி."

நான் கவனிக்காமல் கடந்துபோயிருந்தேன். மாப்பிலாதான், தலையை உள்ளே வைத்துச் சுருண்டிருந்தது. யாரும் ஓடவில்லை. ஒருவர் கல்லைத் தேடிக் குனிந்தார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு, தூங்குது."

"எத்தன நாள் வெறகு பொறுக்க வந்திருக்கோம்" என்றார் முதலில் கண்டவர். "கீழேயே பாத்துக்கிட்டுப் போயிருக்கோம்."

கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். குரலைத் தாழ்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களாகவே மெதுவாகப் பேசினார்கள்.